விசிறி முறிவியல்: திருப்பூர் உரை

கம்ப்யூட்டருக்குள் புராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க் கழன்றுபோனாலும், அதன் தலைமேல் சுற்றும் விசிறி நின்றுபோனாலும், புதுசு வாங்கி மாட்டும்வரை அந்த மெஷினை ஓட்டுவது எப்படி என்பதை வகைதொகை செய்து சொல்வது இந்நூல். கேட்டற்கு உரியார் யாரெனின், பனியன் கம்பெனி ஆபீஸில் டாலி அடிப்பவர், பேக்கிங் லிஸ்ட் போடுபவர், பார்கோடு ஸ்டிக்கர் எடுப்பவர், எம்பிராய்டரிக்குப் பஞ்சிங் செய்பவர், பையருக்கு மெயில் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் மெர்ச்சண்டைசர் ஆகியோர். கேட்கக் கூடாதவர் ஒருவர் உண்டு, அவர் முதலாளி. "அதான் ஓடுதல்லப்பா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நூல் பாயிரத்தோடு முடிந்துபோகும்.

பழைய இலக்கணத்தார் முறைப்படி நிலமும் பொழுதும் முதலில் வர வேண்டும். நிலம், அவிநாசி ரோட்டுக்கும் காங்கேயம் ரோட்டுக்கும் நடுவே பஞ்சுத் தூசி பறக்கும் எந்த மாடியும். பொழுது, பெரும்பொழுதில் சித்திரை, சிறுபொழுதில் ஷிப்மெண்ட்டுக்கு முந்தின ராத்திரி. ஐந்திணையாகவே பிரித்துவிடலாம் என்று நானும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். குறிஞ்சிக்கு ஒரு முறிவு, மருதத்துக்கு ஒரு முறிவு என்று எழுதிப் பார்த்ததில் எல்லாம் பாலையில் போய் நின்றன. பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரக் கணக்கு. நேற்றுவரை நல்ல மெஷினாக இருந்தது சூட்டில் திரிந்து நிற்பதற்கும் அந்த இலக்கணமே போதும். ஆகவே திணை ஒன்று, துறை பல என்க.

சொல்லை அறுதியிடாமல் பொருளுக்குள் போகக் கூடாது. சி.பி.யூ. என்பது நூல் வழக்கில் புராசஸர், அதாவது கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சிலிக்கான் சில்லும் அதை மூடிய தகடும். நம் ஆபீஸ் வழக்கில் சி.பி.யூ. என்பது மேஜைக்கு அடியில் நிற்கும் முழுப் பெட்டி. செருப்பு வைக்க, சாப்பாட்டுத் தூக்கைச் சாய்த்து வைக்க, சில இடங்களில் காலை நீட்டிக்கொள்ள உதவுவது அது. இந்த இரட்டை வழக்கால் "சி.பி.யூ. ஃபேன் போச்சுங்க" என்ற ஒரே வாக்கியத்துக்கு நான்கு பொருள் பிறக்கிறது. பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறி ஒன்று. பெட்டியின் முதுகில் காற்றை வெளியே தள்ளும் விசிறி இன்னொன்று. புராசஸர் தலைமேல் உள்ளது மூன்றாவது. நான்காவது, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப்போட்டு எதிரே நிறுத்தியிருக்கும் ஸ்டாண்ட் ஃபேன். இந்த நான்காம் பொருள் நம் வட்டாரத்துக்கே உரியது, அகராதிக்காரர்கள் இன்னும் ஏற்றவில்லை. சர்வீஸ் பையன் போனை எடுத்ததும் "எந்த ஃபேனுங்ணா?" என்று கேட்பது இதனால்தான். அவனுக்குத் தெரியாமல் கேட்கிறான் என்று நினைப்பவர் உரை படிக்காதவர்.

பேஸ்ட் என்ற சொல்லும் அப்படியே. புராசஸர் தகட்டுக்கும் ஹீட்சிங்க் அடிப்பாகத்துக்கும் நடுவே பூசும் வெள்ளை அல்லது சாம்பல் நிறக் களிம்பு அது. இரண்டு உலோக முகங்களும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். பள்ளத்தில் காற்று நின்றால் சூடு கடக்காது. செம்பு சூட்டைக் கடத்தும் திறன் சுமார் 400 என்றால் அதே அளவுகோலில் காற்றுக்கு 0.03-கூடக் கிடையாது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் களிம்பு. அவசரத்துக்குப் பல் விளக்கும் பேஸ்ட்டைத் தடவலாமா என்று ஒரு மதம் உண்டு. தடவலாம், முதலில் வேலையும் செய்யும். உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்ததும் சுண்ணாம்புத் தூளாக உதிர்ந்துவிடும், அத்தோடு பழைய கதைதான். ஒரு ராத்திரிக்கு ஆகும் என்பதே துணிபு.

இனிப் பொருள். புராசஸருக்குள் போகும் கரண்ட் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. பாலன்ஸ் ஷீட் டேலி ஆனாலும் சூடுதான், ஆகாவிட்டாலும் அதே சூடுதான். சாதாரண ஆபீஸ் புராசஸரின் மேல் 65 வாட் என்று போட்டிருக்கும். இது என்ன பெரிய சூடு, நம் அயர்னிங் டேபிளில் இருப்பது 1,000 வாட் பெட்டியாயிற்றே என்று ஒரு மாஸ்டர் என்னிடம் வாதாடினார். அவருக்குச் சொன்ன விடை இது: அயர்ன் பாக்ஸின் அடித்தட்டு சுமார் 200 சதுர சென்டிமீட்டர், அதில் 1,000 வாட் பரவினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். புராசஸருக்குள் இருக்கும் சில்லு ஒன்றரை சதுர சென்டிமீட்டர் என்று வைத்தாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப இதுல ஒரு காலர் தேய்க்கலாமுங்களா?" என்றார். இடம் பத்தாது என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1989-ல் வந்த 486 வகைச் சில்லுகளில் ஆரம்ப காலத்தவை மொட்டைத் தலையோடு, ஹீட்சிங்க்கூட இல்லாமல் ஓடின. 1993-ல் பென்டியம் வந்த பிறகுதான் தலைக்கு மேல் விசிறி வைப்பது பெருவழக்கானது. விசிறி வந்தது, கூடவே விசிறி முறிவும் வந்தது, அதன் பின் இந்த நூலுக்கு வேலை வந்தது.

விசிறியும் ஹீட்சிங்கும் ஒருசேரப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இதழ்க்காரர்கள், குவேக் 3 என்ற சண்டை விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே புராசஸர் தலையிலிருந்து ஹீட்சிங்கைப் பிடுங்கிப் படம் எடுத்தார்கள். ஏ.எம்.டி.யின் அத்லான் 300 டிகிரியைத் தாண்டிப் புகைந்து செத்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. பென்டியம் 4 மட்டும் படம் நொண்ட நொண்ட, ஆட்டத்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. தன் உடம்புச் சூட்டைத் தானே அளந்து, ஏறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதற்குள் இருந்ததே காரணம். இப்போது வரும் சில்லுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. இன்டெல்லில் பலவற்றுக்கு 100 டிகிரி, ஏ.எம்.டி.யின் ரைசனில் பலவற்றுக்கு 95 டிகிரி எல்லை. தொட்டால் நடை தளரும், அதையும் மீறி ஏறினால் எதையும் சேமிக்காமல் சட்டென்று கரண்ட்டை வெட்டிக்கொள்ளும். வெயில் ஏறினால் கையை மெதுவாக்கிக்கொள்ள ஒரு சிலிக்கான் சில்லுக்கு அனுமதி கிடைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் அடிக்கும் அக்காவுக்கு அது சித்திரையில்கூடக் கிடையாது. இது நூற்பொருளுக்குப் புறம்பு என்பார்கள், இருக்கட்டும்.

முறிவின் வகை நான்கு என்ப பழையோர். நிற்றல், உலர்தல், போர்த்தல், கழறல். பொய்ம்முறிவு என ஐந்தாவது ஒன்றைச் சேர்ப்பது என் மதம்.

நிற்றல் என்பது விசிறி சுற்றாமல் போவது. மலிவான விசிறியில் நடுத்தண்டு ஓர் எண்ணெய்க் குழலுக்குள் சுற்றும். எண்ணெய் வற்றினால் முதலில் கொர்ரென்று சத்தம், அடுத்த வாரம் காலையில் மட்டும் சத்தம், அப்புறம் மௌனம். சத்தம் நின்றதும் ஆபீஸில் எல்லோரும் "சரியாப் போச்சு" என்று சந்தோஷப்படுவது இந்தத் துறைக்கு உரிய மெய்ப்பாடு. இதற்கு நம் ஊரில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விசிறியின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் ஸ்டிக்கர் ஒட்டாது, ஆயில் மதர்போர்டில் தெறிக்கும். சில வாரம் ஓடும். உலர்தல், மேலே சொன்ன களிம்பு காய்வது. இதில் ஒரே எச்சரிக்கை: பழைய ஏ.எம்.டி. மெஷினில் காய்ந்த களிம்போடு ஹீட்சிங்கை வெடுக்கென்று தூக்கினால் புராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான ஊசிக்கால்கள் கோணிக்கொள்ளும். பத்து நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, இடமும் வலமும் மெல்லத் திருகி எடுப்பதே வழி.

போர்த்தல்தான் நம் ஊர்த் துறை. மற்ற ஊர்களில் ஹீட்சிங்கில் தூசி படியும். திருப்பூரில் அது பனியன் போடும். வட்டப் பின்னல் மெஷினிலும் கட்டிங் டேபிளிலும் பவர் டேபிளிலும் எழும்பும் பஞ்சு, மாடி ஏறி ஆபீஸுக்குள் வந்து, விசிறி இழுக்கும் காற்றோடு அலுமினியத் தகடுகளின் இடுக்கில் போய் உட்காரும். முதலில் இழை, பிறகு வலை, பிறகு துணி. மூன்று மாதத்தில் விசிறிக்கு அடியில் வட்டமாக ஒரு கம்பளம் தயார். அதற்குமேல் விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று தகட்டுக்குள் இறங்காது. எங்கள் ஆபீஸ் மெஷினில் ஒருமுறை அதை முழுசாக, கிழியாமல் உரித்து எடுத்தோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. அடியில் சாம்பல் மெலாஞ்ச், அது ஆடி மாத ஆர்டர். அதன்மேல் ரத்தச் சிவப்பாக ஒரு கோடு, கிறிஸ்துமஸுக்குப் போன பைஜாமா செட். மேலே வெள்ளை, உள்ளூருக்கு ஓட்டிய ஆர்.என். பனியன். நிலத்தைத் தோண்டி வயது சொல்பவர்களுக்கு மண் அடுக்கு எப்படியோ, எங்கள் மெர்ச்சண்டைசருக்கு அது அப்படி. "நேவி ப்ளூ எங்கீங்க?" என்று தேடினார். நேவி ப்ளூ ஆர்டர் கேன்சல் ஆனது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

இந்தப் போர்வையை எப்படித் தரம் பிரிப்பது? துணிக்கு உள்ள அளவே இதற்கும் பொருந்தும், ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. 120-க்குள் இருந்தால் சிங்கிள் ஜெர்சி வகை, ஊதினால் போகும். 180-ஐத் தொட்டால் டி-ஷர்ட் வகை, பிரஷ் வேண்டும். 280-க்கு மேல் ஃபிளீஸ் வகை, விரலால் உரித்தால்தான் வரும், மெஷின் அதற்குள் இருமுறை தானாக அணைந்திருக்கும். உண்மையிலேயே எடை போட்டுப் பார்க்கலாம் என்று ஜி.எஸ்.எம். கட்டரைக் கொண்டுவந்தோம். கட்டர் வெட்டும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர். ஹீட்சிங்கின் முகம் ஒன்பது சென்டிமீட்டர் விட்டம், 64 சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. ஆகவே இந்த இயலில் உள்ள எண்கள் தோராயம் என்று கொள்க. நூல் வகையாலும் வேறுபாடு உண்டு. கோம்டு நூலில் குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிடுவதால் பஞ்சு குறைவாகப் பறக்கும். கார்டட் நூல் ஓடும் கம்பெனியில் கம்ப்யூட்டர் சீக்கிரம் போர்த்திக்கொள்ளும். ஹீட்சிங்கைத் திறந்து பார்த்தே "கோம்டுன்னு பில் போட்டு கார்டட் ஓட்டறாங்" என்று ஒரு சர்வீஸ் பையன் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன். எந்த ஆபீஸ் என்று சொல்வதற்கில்லை.

போர்வையை நீக்க டெய்லரிங் செக்‌ஷனில் இருக்கும் ஏர் கன் போதும் என்பார் ஒரு சாரார். போதும், இரண்டு கட்டுப்பாட்டோடு. கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும், முதலில் காற்றைத் தரையில் அடித்து ஈரம் வராததைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, விசிறி இறக்கையை ஒரு பென்சிலால் தடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது காற்றில் தறிகெட்டுச் சுற்றி, நிற்றல் என்ற முதல் வகைக்கு நம்மையே கொண்டுபோய் விடும்.

பொய்ம்முறிவு, விசிறி நன்றாகச் சுற்றும்போதே மெஷின் இல்லை என்று சாதிப்பது. விசிறியிலிருந்து மதர்போர்டுக்கு வரும் வயர்களில் ஒன்று, சுற்றின் எண்ணிக்கையைச் சொல்லும் வயர். அது அறுந்தாலும், வயரை வேறு முனையில் சொருகியிருந்தாலும், ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் "சி.பி.யூ. ஃபேன் எரர், எஃப் 1 அழுத்து" என்று வரும். அழுத்தினால் போகும். மறுநாள் மறுபடி வரும். கூறியது கூறல் என்பதை நூலின் பத்துக் குற்றங்களில் ஒன்றாக நன்னூலார் வைத்தது இதனால்தான் போலும். மெய்ம்முறிவுக்கும் இதே வாசகம்தான் வருகிறது என்பதால், பழகிய கை யோசிக்காமல் எஃப் 1-ஐ அழுத்திவிடும், ஆபத்து அங்கே இருக்கிறது. ஒரு கம்பெனியில் விசிறி போய் எவ்வளவு காலம் என்று யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், "ரெண்டு நாளுங்க" என்பார்கள். கீபோர்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். எஃப் 2 பளிச்சென்றும் எஃப் 1 எழுத்தே அழிந்தும் இருந்தால் ஒரு வருஷத்துக்குக் குறையாது.

எஞ்சியது கழறல். இதை மட்டும் இலக்கணமாகச் சொல்லாமல் நடந்ததாகவே சொல்கிறேன், உதாரணம் இல்லாமல் விளங்காது.

2004-ல் இன்டெல் புதுவகை சாக்கெட் கொண்டுவந்தபோது, ஹீட்சிங்கைப் பிடிக்க நான்கு மூலையிலும் கறுப்பு பிளாஸ்டிக் கால்கள் வந்தன. அழுத்தினால் டக்கென்று மதர்போர்டு ஓட்டைக்குள் விரிந்து பிடிக்கும், அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் விடும். எந்தப் பக்கம் திருப்பினால் விடும், எந்தப் பக்கம் பிடிக்கும் என்பதில் இருவேறு பாடம் உண்டு. அந்தத் தகராறில் கால் முறியும். நான் கணக்கு எழுதிய ஒரு கம்பெனியில், சாயங்காலம் ஏழு மணிக்குப் பஞ்சைத் தட்டுகிறேன் என்று திறந்த யாரோ ஒருவர் (நான்தான்) எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை முறித்துவிட்டார். விடியற்காலை கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்ட்டும் கார்ட்டன் ஸ்டிக்கரும் அந்த ஒரே மெஷினில். ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஆன் செய்து பார்த்தால், எக்செல் திறப்பதற்குள் 97 டிகிரி.

முதலில் செய்தது படுக்கை முறை. நிற்கும் பெட்டியில் மதர்போர்டு செங்குத்தாக இருக்கும், ஹீட்சிங்க் பக்கவாட்டில் தொங்கும். பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டால் ஹீட்சிங்க் தன் எடையாலேயே புராசஸர்மேல் உட்காரும். காசு கேட்காத வைத்தியம் இது ஒன்றுதான். 97 டிகிரி 88 ஆனது. எடை மட்டும் போதாது, அந்தக் கால்கள் கொடுப்பது பல கிலோ அழுத்தம். அழுத்தத்துக்காக நூல் கோன் ஒன்றைத் தூக்கி விசிறிமேல் வைக்கப் போனார் பேக்கிங் அண்ணன். விசிறி எங்கே மூச்சு விடும் என்று தடுத்தோம்.

சர்வீஸ் தம்பி வந்து சேர மணி ஒன்பதரை. கடை பூட்டியாயிற்று, ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்த புது கூலர் காலையில்தான். கட்டுவோம் என்றான். கட்டு முறைக்குத் திருப்பூரைப்போல வாய்த்த ஊர் இல்லை. டிரிம்ஸ் ஸ்டோரிலிருந்து கைக்கு வந்ததை எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள்: இடுப்பு எலாஸ்டிக், டிராகார்டு, கேபிள் டை, பேக்கிங் ஸ்ட்ராப், கம் டேப். எலாஸ்டிக்கை அவன் தொடவே இல்லை. "சூடு ஏற ஏற லூஸாயிருங்ணா, ஜட்டிக்கே ஆறு மாசந்தானுங்." கேபிள் டை ஓட்டைக்குள் நுழைந்தது, அடியில் நிற்கவில்லை. அப்போதுதான் காஜா பட்டன் மாஸ்டர், அதுவரை டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர், கிளாஸைக் கீழே வைத்தார்.

"அடியில நிக்க ஏதாச்சும் வேணும், அவ்வளவுதானே தம்பி?"

"ஆமாங் மாஸ்டர்."

"பட்டன் வெய்யி."

போர்டைக் கழற்றித் திருப்பினோம். முறிந்த கால்களைப் பிடுங்கினால் ஓட்டைக்கு நேரே ஓட்டை. கீழே ஒரு பெரிய கோட் பட்டன், மேலே ஒரு பட்டன், நடுவில் மதர்போர்டும் ஹீட்சிங்க் காலும். தடித்த பாலியஸ்டர் நூலை எட்டு மடிப்பாகக் கோணி ஊசியில் கோத்து, நாலு ஓட்டைப் பட்டனுக்குப் போடும் குறுக்குத் தையலையே போட்டார். மேல் பட்டனுக்கும் காலுக்கும் நடுவே ரீஃபில் துண்டு ஒன்றைச் சொருகி இரண்டு திருகு திருகினதும் நூல் விண்ணென்று நின்றது. பட்டன் பிளாஸ்டிக் என்பதால் சர்க்யூட்டில் ஷார்ட் ஆகும் பயம் இல்லை. இரும்பு போல்ட் நட் போடுபவர்கள் அடியில் ஃபைபர் வாஷர் போட மறந்து போர்டையே பறிகொடுப்பது உண்டு. மாஸ்டர் பல்லால் நூலைக் கடிக்கப் போனார், தம்பி அவசரமாகக் கத்தரியை நீட்டினான். உலகத்துக்கே பனியன் தைக்கும் ஊரில், புராசஸருக்கும் தைத்தாயிற்று. 72 டிகிரி.

அதற்குமேல் விரத முறை. விண்டோஸில் பவர் ஆப்ஷனுக்குள் அதிகபட்ச புராசஸர் நிலை என்று ஒரு வரி உண்டு, 100 சதவீதம் என்று இருக்கும். 99 என்று மாற்றினாலே டர்போ என்ற குதி ஓட்டம் நின்றுவிடும். 60, 50 என்று இறக்கினால் நடை. வேகத்தோடு வோல்டேஜும் இறங்குகிறது. வாட் என்பது வேகத்தையும் வோல்டேஜின் வர்க்கத்தையும் பெருக்கின கணக்கு. ஆகவே வேகத்தைப் பாதியாக்கினால் சூடு பாதிக்கும் கீழே போகும். தின்பதைக் குறைத்தால் வேர்வை குறையும் என்பதே இதன் சூத்திரம். டாலிக்கும் பேக்கிங் லிஸ்ட்டுக்கும் பாதி வேகமே தாராளம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மார்க்கர் போடும் கேட் சாஃப்ட்வேருக்கு மட்டும் தெரியும், அவர்கள் கத்துவார்கள். நான் சொன்ன முறைகளில் உண்மையாகவே மதிக்கத்தக்கது இந்த விரதம்தான். மற்றதெல்லாம் வெளிவேலை.

ஸ்டாண்ட் ஃபேன் வைக்கும் காற்று முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஹீட்சிங்க் ஒழுங்காக ஒட்டியிருந்து விசிறி மட்டும் நின்றிருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். அதுவும் பஞ்சைச் சேர்த்தே ஊதும், போர்த்தல் வேகமாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அதைவிடப் பெரிய இடையூறு, புழுக்கத்தில் இருக்கும் மனிதர்கள் ஃபேனைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வது.

விலக்கு என்று ஒரு வகை உண்டு, செய்யக் கூடாதவை. ஹீட்சிங்க்கே இல்லாமல் வெறுந்தலையில் ஓட்டுவது முதல் விலக்கு. இன்றைய சில்லு எரியாது, ஆனால் சில நொடியில் எல்லையைத் தொட்டு அணைந்துவிடும், ஒரு இன்வாய்ஸ்கூடத் திறக்காது. அனுப்பர்பாளையத்துச் செம்புச் சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் புராசஸர்மேல் வைத்தால் என்ன என்று கேட்டார் ஒருவர். யோசனையில் பாதி சரி. செம்பு அலுமினியத்தைவிடப் பெரிதும் மேல், இன்டெல் கம்பெனியே பலமான சில்லுகளுக்குக் கொடுத்த ஹீட்சிங்கின் நடுவில் செம்புக் கட்டி வைத்திருந்தது. அனுப்பர்பாளையத்தில் கிடைக்கும் எல்லாப் பாத்திரமும் ஆகாது, பித்தளை செம்பில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் கடத்தும், எவர்சில்வர் அதிலும் பல மடங்கு மட்டம். மீதிப் பாதி தவறு: குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வேர்க்கும், அந்தத் தண்ணீர் மதர்போர்டில் சொட்டும். தண்ணீரால் குளிரவைக்கும் கூலர்கள் கடையில் உண்டு. அவற்றில் தண்ணீர் மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும், ஒரு சொட்டு வெளியே வராது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நொய்யல் ஆற்றுக்காகக் கேட்டதும் அந்த மாதிரி, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வராத ஏற்பாட்டைத்தான். மேஜைக்கு அடியில் அது ஒரு டப்பாவுக்குள் அடங்கிவிட்டது.

இனிக் காலவியல். இதுவரை சொன்ன வகைகள் எல்லாம் எது உடைந்தது, எதால் கட்டினோம் என்ற பிரிவுகள். நுட்பமாகப் பார்த்தால் அவை முக்கியமே இல்லை. தற்காலிகம் எவ்வளவு நாள் என்பதுதான் பகுப்புக்குரிய உண்மையான அடிப்படை, மற்றவை வெறும் பெயர். டீத் தற்காலிகம், ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் ஆறவிட்டு மறுபடி ஆன் செய்வது. ஷிஃப்ட் தற்காலிகம் ஒன்றரை ஷிஃப்ட் வரை தாங்கும். ஷிப்மெண்ட் தற்காலிகம் அன்றிரவு எங்களுடையது. "கண்டெய்னர் போகட்டும், நாளைக்கு மாத்திக்கலாமுங்" என்றான் தம்பி. கண்டெய்னர் போனது. மறுநாள் இன்னொரு ஷிப்மெண்ட்டுக்கு சாம்பிள் வந்தது. சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும், அன்று மெஷினைப் பிரிக்க முடியாது. ஞாயிறு அவனுக்கு லீவு. 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். அதற்குப் பிறகு வந்தது தீபாவளித் தற்காலிகம்: போனஸ் லிஸ்ட் முடியும்வரை யாரும் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது என்று மேனேஜரே ஒரு அட்டையில் எழுதி ஒட்டினார்.

இதில் கூலர் வாங்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மறுநாளே வாங்கியாயிற்று, புது அட்டைப் பெட்டியில், கையிருப்பில் எடுத்து பில்லோடு. வவுச்சரை நான்தான் எழுதினேன், ரிப்பேர் செலவில் காட்டிவிட்டதால் புத்தகப்படி அந்த மெஷின் சரியாகிவிட்டது. அன்று சாயங்காலம் மாட்டுவதற்காகப் படுத்திருக்கும் பெட்டியின்மேலேயே கூலர் டப்பாவை வைத்தோம். வாட்டமான உயரம். அடுத்த நாள் யாரோ அதன்மேல் பஞ்சிங் மெஷினை வைத்தார்கள்.

ஆயுத பூஜையன்று எல்லா மெஷினையும் துடைத்து விபூதிப் பட்டை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஓவர்லாக், பிளாட்லாக், கம்ப்ரஸர், கட்டிங் கத்தி, ஸ்டாண்ட் ஃபேன். சந்தனக் கிண்ணத்தோடு ஆபீஸுக்குள் வந்த பையன் படுத்திருக்கும் சி.பி.யூ.வைச் சுற்றி வந்தான். பக்கத் தகடு கழற்றியே இருந்ததால் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இந்தப் பட்டனுக்கும் வெக்கட்டுங்களாங்ணா?"

வை என்றேன். பேஸ்ட் பக்கம் படாமல், மேல் பட்டன் இரண்டுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தான். பிறகு பஞ்சிங் மெஷினைத் தூக்கிவிட்டு, பிரிக்காத கூலர் டப்பாவுக்கும் ஒன்று வைத்தான்.